மாடிவீட்டு அக்காவின் மகள்

எங்கள் வீட்டு மாடியில் அந்த அக்கா குடியிருந்தது இரண்டு கோடைக்காலம்தான். அதற்குள் மன்னார்குடியில் எங்கள் தெருவில் அவர் கையால் சுட்ட கேக்கோ பன்னோ சாப்பிடாத வீடு இல்லை என்று ஆகிவிட்டது. அவரைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு நிறையச் சொல்வார்கள். நானும் சொல்வேன். நாங்கள் சொன்னதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தானா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வீடு பார்க்க அவர் வந்தது கார்த்திகை தீபம் கழிந்த வாரத்தில். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சமையலறையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். இவர் நேரே மொட்டைமாடிக்கு ஏறிப்போய் நடுவில் நின்றுகொண்டு, மத்தியான வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். வடாம் காயப்போடுவதற்குத் தவிர நான் அங்கே ஏறுவதில்லை, கவனித்ததே இல்லை என்றேன். உடனே அவர் முகத்தில் ஒரு நெருக்கம் வந்தது.

"எனக்கும் அப்படித்தாங்க. இத்தனை வருஷம் வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு பார்க்காமலே இருந்துட்டேன்" என்றார்.

வெயிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் இத்தனை வருஷம் எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதே லேசாகக் குழப்பமாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது. வாடகையைக்கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு பீரோ, சாக்கில் கட்டின பாத்திரங்கள், அடுக்கடுக்காகக் காலி வாளிகளும் தொட்டிகளும். டெம்போவின் முன் சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வை சுற்றிய ஓவனை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. காதில் சின்னதாக ஒரு கல் தோடு, கழுத்தில் ஜாக்கெட்டுக்குள் மறைந்துபோகிற ஒரு மெல்லிய சங்கிலி. தனியாகத்தான் இருந்தார். பென்ஷன் வருகிறது என்று சொன்னார். எந்த வேலைக்கு என்று நான் கேட்டேனா, அவர் சொன்னாரா என்பது நினைவில்லை.

என் கணவருக்குக் கடைத்தெருவில் விதையும் உரமும் விற்கிற கடை. மாடியில் தோட்டம் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. மண்ணும் தண்ணீரும் தங்கினால் தளம் ஊறிப்போகும், பிறகு மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியதுதான் என்று என்னைத்தான் திட்டினார். அக்காவிடம் நேரில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தவரைத் தேடி அக்காவே கடைக்குப் போய்விட்டார். தன்னுடைய பழைய வீட்டிலும் இதே மாதிரி தளம் ஊறி விரிசல் விட்டது, அதிலிருந்து தனக்கும் தண்ணீர் என்றாலே பயம், என்ன செய்யலாம் என்று இவரிடமே யோசனை கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் என் கணவர் கனமான தார்ப்பாய் ஒன்றும், தொட்டிகளுக்கு அடியில் கொடுக்கச் செங்கல்லும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் வெள்ளரி விதையும் புடலை விதையும் சும்மா கொடுத்தார். நானே பார்த்திராத மனிதராக இருந்தார்.

மாசி பாதி தாண்டியபோது மாடியில் கால் வைக்க இடமில்லை. மேட்டூர் அணையை மூடி, பாமணியாற்றில் வெறும் மணல் கிடக்கிற நேரம் அது. அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும். மற்றதெல்லாம் வெளுத்துக்கொண்டே போகும். எங்கள் மாடியில் மட்டும் தக்காளி சிவந்தது. நூல் கட்டிவிட்ட வழியில் வெள்ளரி ஏறியது. முலாம்பழக் கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு பழைய டிரம்மில், நர்சரியிலிருந்து வளர்ந்த கன்றாக வாங்கிவந்து வைத்த எலுமிச்சை பூத்தது. கோடை நெருங்க நெருங்க அக்காவுக்கு வேகம் கூடிவிடும். வெயில் முற்றினால் பூ உதிர்ந்துவிடும், அதற்குள் எல்லாம் காய்த்து முடிய வேண்டும் என்பார்.

சாயங்காலம் ஆனால் மின்சாரம் குறைந்து மின்விசிறியே முனகும் என்பதால் விடியற்காலையிலேயே ஓவனைப் போட்டுவிடுவார். வாசல் தெளிக்க நான் எழுந்து கதவைத் திறக்கும்போது வாசனை படியிறங்கி வந்து நிற்கும். மாசியில் தக்காளியும் புதினாவும் போட்ட பன். பங்குனியில் எலுமிச்சைத் தோல் துருவிப் போட்ட கேக், புதுப்பயறு வறுத்து அரைத்த மாவில் பிஸ்கட். சித்திரையில் மாம்பழம். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, யாரும் சொல்லித் தரவில்லை, சாப்பிட வைக்க ஆள் இருந்தால் கை தானாகப் படிந்துவிடும் என்றார்.

யாருக்கும் ஒரே மாதிரி செய்யமாட்டார். எதிர்வீட்டு சரோஜாவுக்கு முந்திரியும் இனிப்பும் தூக்கலாக. பக்கத்து வீட்டு வசந்தா டீச்சருக்குச் சர்க்கரை குறைத்து, முட்டை இல்லாமல். டீச்சர் முட்டை தொடமாட்டார். ஒருநாள் தட்டை நீட்டிக்கொண்டே அக்கா அவரிடம், தானும் முட்டை தொடுவதில்லை, அந்த வாசனையே ஆகாது என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மறுநாள் சரோஜா வீட்டில், கடையில் வாங்கிவந்த பொட்டலத்திலிருந்து முட்டை பப்ஸை எடுத்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறவில்லை. "சூடா இருக்கு, ஒண்ணு எடுத்துக்குங்க ஜெயந்தி" என்றார். நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகளைப் பற்றி நான் அவரிடம் சொன்னது அந்த முதல் கோடையில்தான்.

சுகன்யா கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். கூட வேலை செய்த பையன், வேறு சாதி. எங்களுக்குத் தெரியும்போது பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. இந்த வீட்டில் அவள் பேச்சே எடுக்கக் கூடாது என்று என் கணவர் சொன்னார், நாங்கள் எடுக்கவில்லை. அவள் எண் என் போனில் இருந்தது. பலமுறை எடுத்துப் பார்ப்பேன். கூப்பிட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். கோபமாகப் பேசினால் அப்பா பக்கம் என்று நினைப்பாள். அழுதால் இன்னும் மோசம்.

இதையெல்லாம் ஒரு காலையில் மாடியில் வெள்ளரி பறித்துக்கொண்டிருக்கும்போது ஏனோ சொல்லிவிட்டேன். அக்கா கொடியை நூலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே கேட்டார். கட்டி முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஓசூர்ல. பேசறதில்ல."

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவருக்கு வந்த கஷ்டத்தைக் கேட்டு மனது லேசாவது சரியில்லைதான். ஆனால் லேசானது. அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவேன். நான் என் மகளைப் பற்றிச் சொல்வேன், அவர் தன் மகளைப் பற்றிச் சொல்வார். அவர் மகளுக்கு இடது கைப் பழக்கம். கோபம் வந்தால் பேசமாட்டாள், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கிப்போட்டுத் தேய்ப்பாள். தலைக்கு எண்ணெய் வைக்கவிடமாட்டாள். எலுமிச்சை கேக் என்றால் ஓரம் கருகின துண்டைத்தான் முதலில் எடுப்பாள். சொல்லும்போது அக்காவின் கண் ஓவன் இருக்கிற பக்கம் போகும், அங்கே அவள் நிற்கிற மாதிரி. எனக்குமே அவளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவளுக்கு நீங்கள் போன் செய்வதுண்டா என்று கேட்டேன். போன் செய்வதில்லை, வாட்ஸப்பில் ஒரு வரி போடுவேன் என்றார்.

"எப்படி இருக்கே, எப்ப வர்றேன்னு கேட்டாத்தானே கோவம் வரும். வெள்ளரி பூ விட்டிருக்குன்னு போடுவேன். அதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல பாருங்க."

"பதில் வருமாக்கா?"

"வராது. ஆனா பார்த்துட்டான்னு தெரியும். அந்த நீலக் கோடு விழும்ல."

நானும் போட்டேன். எங்கள் வீட்டு மாடியில் முலாம்பழம் பிஞ்சு விட்டிருக்கிறது என்று மட்டும் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுவாரம் எலுமிச்சைப் பூ. அதற்கடுத்து தக்காளி பன். கோடை முடிந்து ஆற்றில் தண்ணீர் வந்தது, ஐப்பசி மழையில் மாடித் தோட்டம் பாதி அழுகியது, அதையும் படம் எடுத்து அனுப்பினேன். அழுகின தக்காளிச் செடிக்குத்தான் அவளிடமிருந்து முதல் பதில் வந்தது. "நம்ம வீட்டு மாடியா இது?" என்று கேட்டிருந்தாள். நான் ஆமாம் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவள் குரலைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மாடிவீட்டு அக்காவைப் பற்றியும், ஓசூரில் இருக்கிற அவர் மகளைப் பற்றியும், அவர் எனக்குச் சொன்ன வழியைப் பற்றியும்தான் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கே அவ்வளவு அழுகை வரவில்லை.

அடுத்த தை மாதத்தில் ஒருநாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் கணவர், சித்திரையில் லீவு கிடைத்தால் அவளை வந்துவிட்டுப் போகச் சொல் என்றார். அவளோடு நான் பேசுவது அவருக்கு எப்படித் தெரிந்தது, எவளைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கு எங்கிருந்து மனசு இறங்கியது என்றும் தெரியவில்லை. கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்தப் பங்குனியில் அக்கா விழுந்தார். காலையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கி, நெற்றியிலும் அடி. நானும் சரோஜாவும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தார். எக்ஸ்ரே எடுக்க உள்ளே அழைத்துப்போன பிறகு நர்ஸ் வெளியே வந்து, அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் யார், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், அவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்றாள் சரோஜா. அவள் கணவரும் மஸ்கட்தான்.

டீச்சர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன சரோஜா சொல்றீங்க? அவங்க கல்யாணமே பண்ணிக்கலையே" என்றார். டீச்சரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

நான் அப்போதும் யோசிக்காமல், ஓசூரில் மகள் இருக்கிறாள் என்றேன்.

நர்ஸ் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் மூன்று பேரும் ஒரே ஆளோடுதானே வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, முதலில் பேசி முடித்துக்கொண்டு வரச் சொல்லி உள்ளே போய்விட்டார். நாங்கள் பேசி முடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மஸ்கட்டிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கணவர் ஊருக்குத் திரும்பின பிறகு வீடு எப்படி இருக்கும் என்று அக்கா தன்னிடம் சொல்லி அழுதிருக்கிறார் என்று சரோஜா மெதுவாகச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்று அலுத்துப்போய், போதும் என்று தானே முடிவு செய்ததாகத் தன்னிடம் சொன்னார் என்றார் டீச்சர். மூன்றுமே உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் கேட்கும்போது அக்காவின் குரல் எனக்கு அப்படியே கேட்டது.

கட்டுப் போட்டு வெளியே வந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். சிதம்பரத்தில் தம்பி இருக்கிறான், அவனுக்குச் சொன்னால் போதும் என்று எண்ணைச் சொன்னார்.

தம்பி மறுநாள் வந்தார். பெரிய கடையில் கணக்கு எழுதுகிற, சாதுவான மனிதர். கீழே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதில் கல்யாணம் ஆனது, சில மாதத்திலேயே ஒத்துவராமல் பிரிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அக்காதான் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தம்பி வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஊர் ஊராக வாடகைக்கு இருக்கிறார். கேக் செய்வதெல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

"அவங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்லைங்க. கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா கொஞ்ச நாள்ல எல்லா ஊர்லயும் இப்படி ஆயிடுது" என்றார் அவர்.

சரோஜாவுக்குத்தான் ரொம்பக் கோபம். என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினேனே, வேடிக்கை பார்த்திருக்கிறாரே என்று தெருவில் நின்று சொன்னாள். டீச்சர் கோபப்படவில்லை. அக்கா தன்னை மாதிரி என்று நினைத்தபோது எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"எங்கிட்ட பையன்னு சொன்னாங்களே" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விதை வாங்க வரும்போதெல்லாம் அக்கா கடையில் உட்கார்ந்து பேசுவாராம். சொல்பேச்சு கேட்காமல் போன மகன் ஒருவன் தனக்கு இருப்பதாகவும், தான் அவனை மன்னிக்கவே இல்லை என்றும், பெற்றவர்கள் அப்படித்தான் உறுதியாக நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இவருக்கு அது பிடித்திருந்தது. ஊரில் எல்லோரும் விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது இந்த அம்மா ஒருவராவது சரியாகப் பேசுகிறார் என்று நினைத்தாராம். பிறகு ஒருநாள், தை மாதத்தில், அவன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தாலும் கண்ணில் வரமாட்டேன் என்கிறது, மீசை வைத்திருக்கிறானோ என்னவோ என்று அக்கா சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அன்றுதான் இவர் வீட்டுக்கு வந்து சுகன்யாவை வரச் சொல் என்றிருக்கிறார்.

"பொய்யா அது?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும் முன் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லப் போகிறேன், ஊரை ஏமாற்றுகிற பொம்பளை பேச்சைக் கேட்டு நான் என்னென்னவோ முடிவு எடுத்திருக்கிறேன் என்றார். அப்படியானால் சுகன்யா வருவது என்ன ஆகும் என்று கேட்டேன். படியேறிப் போனார். நான் கீழே படிக்கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அக்காவின் குரல் கொஞ்சமாகக் கேட்டது. பிறகு யாருடைய குரலும் கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தவரின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. "ஒரு கையை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க. செடியெல்லாம் வாடிக் கெடக்கு" என்றார். மேலே என்ன பேசினார்கள் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் காலையில் அவர்தான் தண்ணீர் ஊற்றினார். வாரக் கடைசியில் கடை சாவியைத் தேடிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ரயில்ல வர்றாங்களா, பஸ்ஸுலயா?"

வர்றாங்களா என்றுதான் கேட்டார். வர்றாளா என்று கேட்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் சாவி கிடைத்துவிட்டது, போய்விட்டார்.

நான் மட்டும் அக்காவிடம் போகாமல் இருந்தேன். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. தம்பி வந்து அழைத்துப்போவதாக முடிவாகிவிட்ட பிறகுதான் மேலே போனேன். அக்கா ஒற்றைக் கையால் மாவு சலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பறித்த எலுமிச்சைகள் தட்டில் இருந்தன. நான் போய்ச் சல்லடையை வாங்கிச் சலித்தேன்.

"உங்க தம்பி சொன்னாரு" என்றேன்.

"சொல்லியிருப்பான்."

"ஓசூர்ல யாரும் இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப அந்த மெசேஜெல்லாம் யாருக்குக்கா அனுப்பினீங்க?"

"யாருக்கும் அனுப்பலைங்க. அனுப்பினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்."

சல்லடையைக் கீழே வைத்தேன். அவர் எலுமிச்சையைத் துருவ முடியாமல் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"நீங்க பேச ஆரம்பிச்சா எனக்கு நெஜமாவே தெரியும் ஜெயந்தி. அவ எப்படி நிப்பா, எதுக்குக் கோவிச்சுப்பா, எல்லாம் தெரியும். நீங்க எழுந்து கீழ போனதும் தேடுவேன். இருக்கமாட்டா."

உங்களுக்கென்று நிஜமாக என்னதான் நடந்தது என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபமா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. என் மகள் திரும்ப என்னோடு பேசுகிறாள் என்றால் அது இந்த மனுஷி சொன்ன வழியில் போனதால்தான். அந்த வழியில் அவர் போனதே இல்லை.

அக்கா ரொம்ப யோசித்தார். எனக்கு ஒரு நல்ல பதில் கொடுக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே முயன்றார் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணும் நடக்கலைங்க" என்றார். "அதான்."

நான்தான் அன்று கேக்கைச் செய்தேன். அவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கலக்கினேன். மின்சாரம் நடுவில் போய்விட்டு வந்தது, கேக் நடுவில் குழிந்து போனது. அவருடைய தம்பி அதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். டெம்போவில் ஏறும்போது ஓவனை மடியில் வைக்க முடியாமல் பின்னால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். சரோஜா வாசலுக்கு வரவில்லை. ஆனால் அவள் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது.

சித்திரையில் லீவு கிடைக்காமல் சுகன்யாவும் மாப்பிள்ளையும் வைகாசியில் வந்தார்கள். ரயிலடிக்கு என் கணவர் தானே போய் அழைத்துவந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று சுகன்யாவைக் கேட்டேன். மாப்பிள்ளையிடம் வழி நெடுக எந்த வயலில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாராம். அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப்போய், முலாம்பழக் கொடியை எங்கே கிள்ளினால் பழம் பெருக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நானும் சுகன்யாவும் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றோம். அவள் இளைத்திருந்தாள். எலுமிச்சை இலை ஒன்றைக் கிள்ளி முகர்ந்துகொண்டே, மாடிவீட்டு அக்கா எங்கே, அவரைப் பார்க்கத்தான் ரொம்ப ஆசையாக வந்தேன் என்றாள். கையில் அடிபட்டதால் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். அவள் முகம் வாடிப்போனது.

"பாவம்மா. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் பேசவே இல்லையா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளுக்குத் தெரியக்கூடாதது என்று அதில் ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தாலும் அதைச் சொல்லாததற்கு ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

"பேசிட்டா" என்றேன்.

"நெஜமாவா?"

"அடிபட்டதைக் கேள்விப்பட்டு ஓசூர்லேர்ந்து வந்துட்டா. அவங்கம்மாவைக் கட்டில்ல படுக்கச் சொல்லிட்டு, செடிக்கெல்லாம் அவதான் தண்ணி ஊத்தினா. இடது கையாலதான் வாளியைத் தூக்குவா."

சுகன்யா என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட அவள் அப்படிச் சாய்ந்து நின்றவள் இல்லை. அந்தப் பக்கம் என் கணவர் மாப்பிள்ளைக்குப் புடலங்காய் நேராக வளர அதன் நுனியில் கல் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

அக்கா என்னிடம் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. இரண்டு கோடை முழுக்கத் தினமும் பேசியிருந்தும் நான் கேட்டதும் இல்லை. சுகன்யா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"மீனாட்சி" என்றேன். "வீட்டுல மீனான்னு கூப்பிடுவாங்க."